வெள்ளம் விரித்துவிட்டுப் போன கம்பளம்

அண்ணி ஹால் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஓரங்களைப் பழுப்பு டேப்பால் ஒட்டி வைத்திருந்தாள். முடிச்சூரில் அண்ணன் கட்டிய புது வீட்டுக்குப் பல்லாவரத்திலிருந்து நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. உள்ளே கால் வைத்ததுமே, "பார்த்து வாம்மா, கார்பெட்டை மிதிச்சுடாத" என்றாள். கம்பளம் இன்னும் வாங்கவே இல்லை. எந்த அளவில் வாங்குவது என்று பார்க்கத்தான் அந்தத் தாள்கள். சின்னதாக வாங்கினால் அறை நடுவே கைக்குட்டை விழுந்து கிடப்பதுபோல் இருக்கும், பெரிதாக வாங்கினால் கதவு இடிக்கும், சோபாவின் முன்கால்கள் இரண்டும் கம்பளத்தின்மேல் ஏறி நிற்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. நிறம் சாம்பலோ வெளிர்பச்சையோதான். "சிவப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஹால் சுருங்கிப் போயிடும்." கல்யாணமான நாள்முதல் யாரோ பூசிய வாடகைச் சுவர்களுக்குள் இருந்தவளுக்கு, தன் விருப்பப்படி அலங்கரிக்கக் கிடைத்த முதல் வீடு அது. அதனால் அவசரப்படவில்லை. தாம்பரத்துக் கடைகளிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் என்னையும் இழுத்துக்கொண்டு அலைவாள். உள்ளங்கையால் தடவுவாள், புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள், வாங்காமல் திரும்பிவிடுவாள்.

அந்த வருட மழையில்தான் ஊர் மூழ்கியது. தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே அண்ணனும் அண்ணியும் மாற்றுத்துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வடிந்தபிறகு மூவருமாகப் போனோம். வாசல் கதவு பிளந்து கிடந்தது. ஃப்ரிட்ஜ் குப்புற விழுந்திருந்தது. ஹால் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவில், சுருளாமல் மடங்காமல், நாலு பேர் நாலு மூலையையும் பிடித்து விரித்ததுபோல ஒரு கம்பளம் கிடந்தது. அண்ணி விளக்குமாற்றால் சேற்றை ஒதுக்கினாள். கருஞ்சிவப்பு தெரிந்தது. செய்தித்தாள்களை ஒட்டியிருந்த டேப்பில் ஒரு துண்டு மட்டும் பிய்யாமல் தரையில் மிஞ்சியிருந்தது. கம்பளத்தின் ஒரு மூலை அதன்மேல் வந்து நின்றிருந்தது. நீளமும் அகலமும் அவள் குறித்து வைத்த அதே அளவு. "இது நான் எடுத்தது இல்ல" என்றாள் அண்ணி, மெதுவாக. யாரிடம் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எது எது மேல மிதந்து வந்துச்சோ. குப்பை லாரி வருது, போட்டுடலாம்" என்றான் அண்ணன். அண்ணி கேட்கவில்லை. "ஒருத்தர் வீட்டுப் பொருளுங்க. தேடி வருவாங்க." அலசி அலசிச் சேற்றைப் போக்கி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி மதில்மேல் காயப்போட்டாள். யாரும் வரவில்லை. நன்றாகக் காய்ந்ததும் உள்ளே கொண்டுபோய் விரித்தாள். இருக்கிறவரைக்கும் ஒழுங்காக இருக்கட்டும் என்றாள். அதற்குப் பொருந்த வேண்டுமென்று பச்சைத் திரைகள் போய் சந்தன நிறத் திரைகள் வந்தன. சோபா உறை மாறியது. அவள் கம்பளத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. கம்பளம்தான் அந்த வீட்டில் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தது.

அதில் நான்கு குழிகள் இருந்தன. கட்டில் கால்கள் நெடுங்காலம் அழுத்திய தடம். ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்தாள், பிரஷால் சீவி நிமிர்த்தினாள். எழும்பும், மறுநாள் பார்த்தால் மறுபடி அமுங்கியிருக்கும். கட்டிலுக்கு அடியில் இருந்த பகுதியில் பூவேலை புதுசு மாறாமல் இருந்தது. அதை ஒட்டி ஒரே ஓர் இடத்தில் மட்டும் இழை தேய்ந்து நூல் தெரிந்தது. பள்ளியில் கணக்கு நடத்துகிறவள் அண்ணி. "ஒத்தைக் கட்டில். இந்தப் பக்கமாத்தான் இறங்கியிருக்காங்க. அப்புறம் எங்கயும் நடந்து போன மாதிரித் தெரியல" என்றாள். குழிகளுக்கு நடுவே டீபாயைப் போட்டுப் பார்த்தாள், மறுநாளே எடுத்துவிட்டாள். வீட்டுவேலைக்கு வரும் அக்கா, "இன்னாம்மா இது, யாரோ பட்துகினு கீற மாதிரியே கீது. நான் இத்த மெறிக்க மாட்டேன்" என்று துடைப்பத்தோடு சுற்றிப் போனாள். முதலில் சிரித்த அண்ணனும் கொஞ்ச நாளில் அந்த இடத்தைச் சுற்றித்தான் டிவி பக்கம் போனான். விருந்தாளிகள்கூட, யாரும் சொல்லாமலே, ஒதுங்கி நடந்தார்கள். ஒரு மத்தியானம் நான் போனபோது அண்ணி கம்பளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நல்ல வெயில் காலம். மின்விசிறி நின்றிருந்தது. போடப் போனேன். "வேணாம், குளிரப் போகுது" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் புரட்டினாள்.

அன்று சாயங்காலமே கம்பளத்தைப் படமெடுத்து, அந்த வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் என்னைப் போடச் சொன்னாள். பல நாள் கழித்து ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டாள். அது தங்கள் வீட்டுக் கம்பளம் போலிருக்கிறது, அப்பா பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். வந்தவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்; அண்ணன் வீட்டுக்கு நாலைந்து தெரு தள்ளிக் குடியிருந்தவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நேரே வந்து அந்தத் தேய்ந்த இடத்தருகே நின்றார்.

"என் வீட்டுக்காரிக்கு ரொம்ப நாளா கால் வராதும்மா. தினமும் கட்டில்லேர்ந்து இறக்கி இந்த இடத்துல நிக்க வச்சுப் பிடிச்சுப்பேன். கொஞ்ச நேரம் நிப்பா. நாங்க ரெண்டு பேரும் நின்னு நின்னு தேஞ்சது இது."

அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தண்ணி உள்ள வந்ததும் அவளைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். மழை நிக்கவே இல்ல. குளிருது குளிருதுன்னா. இதைக் கொண்டுபோய்த் துணிக்கொடி மேல போட்டா மழை நேரா விழாதேன்னு கீழே இறங்கினேன். இடுப்பு வரைக்கும் தண்ணி. கட்டில் மிதந்துகிட்டு இருந்துச்சு. இதை இழுத்துப் பிடிச்சுட்டேன். படி ஏறும்போது கையை விட்டு நழுவிடுச்சு. கண்ணு முன்னாடியே வாசல் வழியாப் போயிடுச்சு. படகு வர்றதுக்குள்ள அவளும் போயிட்டா."

அண்ணி கம்பளத்தின் ஓரத்தைத் தொட்டு, "எடுத்துட்டுப் போங்க சார். உங்களுக்காகத்தான் வச்சிருந்தேன்" என்றாள். அவர் தலையசைத்து மறுத்தார். "மாடம்பாக்கத்துல பொண்ணு வீட்ல ஒரு சின்ன ரூம்ல இருக்கேன். விரிக்க இடம் இல்லம்மா. இங்கயே இருக்கட்டும். நனையாம மட்டும் பார்த்துக்குங்க."

அடுத்த மழைக்காலத்தில், வானம் கறுத்த ஒரு நாள் காலையில் குடையோடு கேட்டருகே நின்றார். "பெருசா வரும்போல இருக்கு. அதான்." அண்ணிக்குப் புரிந்துவிட்டது. சோபாவை நகர்த்திக் கம்பளத்தைச் சுருட்டினார்கள். அண்ணன் ஒரு முனையைப் பிடிக்கப் போனான். அவர் விடவில்லை. மார்போடு அணைத்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி மாடியறைக்குக் கொண்டுபோனார். இறக்கி வைத்ததும் ஈரம் இருக்கிறதா என்று நாலாபுறமும் தடவிப் பார்த்தார். காபி குடித்துவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் வந்தார். அப்படி அவர் ஏறுவதை நானும் ஒருமுறை பார்த்தேன். பின்னால் போன அண்ணி, பிடித்துக்கொள்வதற்குத் தயாராக இரண்டு கைகளையும் நீட்டியபடியே ஏறினாள். புயல் செய்தி வந்தால் அண்ணனே அவருக்கு ஃபோன் செய்வான்.

இந்த வருடம் மழை வந்தது; அவர் வரவில்லை. அண்ணனும் நானும் சேர்ந்துதான் கம்பளத்தை மேலே கொண்டுபோனோம். அண்ணி கேட்டருகே குடையோடு நின்றிருந்தாள். அப்போது அவர் மகள் கூப்பிட்டாள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், பேச்சும் நின்றுவிட்டது என்றாள். "மழைச் சத்தம் கேட்டா ரெண்டு கையையும் எதையோ பிடிக்கிற மாதிரித் தூக்கித் தூக்கிக் காட்டறார் ஆன்ட்டி. என்ன வேணும்னு எங்களுக்குப் புரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ஃபோனை அவர் காதில் வைக்கச் சொன்னாள் அண்ணி. மழை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "சார், மேல கொண்டு போயிட்டோம். கொஞ்சம்கூட நனையல."

பிறகு மகள் ஃபோனுக்கு வந்து, "கையை இறக்கிட்டார், ஆன்ட்டி" என்றாள்.