காய்ச்சல் இல்லையென்று எழுதித் தர ஆளில்லை

இளமதிக்குக் காய்ச்சல் இல்லை. 2009 ஆகஸ்டில், விருத்தாசலத்தில், அதை நம்பத்தான் ஆளில்லை.

பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. காலை ஆறு மணிக்கு அம்மா பாஞ்சாலையோடு பீங்கான் பட்டறைக்குப் போவாள். காயவைத்த மின்சார பீஸ் கட்டைகளின் பிசிறை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை. மாவுபோல வெள்ளைத் தூசு பறக்கும். அங்கே பெண்கள் எல்லோருமே மூக்கை மூடித் துணி கட்டிக்கொள்வார்கள். எட்டரைக்கு அப்படியே பள்ளிக்கு ஓடும் இளமதி, பள்ளி வாசலில்தான் துணியை அவிழ்ப்பாள். ஒரு வருடமாக அதை யாரும் கவனித்ததில்லை.

பிறகு தொலைக்காட்சியில் பன்றிக் காய்ச்சல் வந்தது. முகத்தில் துணி கட்டியவர்களெல்லாம் நோயாளிகள் ஆனார்கள். ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியை ஜெயஸ்ரீ அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"எதுக்கு மூஞ்சில துணி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் இருமிவிட்டாள்.

"டாக்டர் சர்டிபிகேட்டோட வா."

நாலடி தள்ளி நின்று சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட அந்தப் பள்ளியில் ஒரு கை இல்லை.

பாஞ்சாலை அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். "காய்ச்சலே இல்லம்மா. இருந்தாத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்புவேன். இல்லாததுக்கு என்னத்த எழுதறது?" என்று அனுப்பிவிட்டார். இருமல் எத்தனை நாளாக என்று அவரும் கேட்கவில்லை.

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பூர்ணிமா, தெருக்குழாயடியில் அவளைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தினாள். "பன்னி வருதுடி, தள்ளு." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இளமதி இருமலை விழுங்கப் பழகினாள். கண்ணில் நீர் முட்டும், விடமாட்டாள். சாப்பிட்டால் இருமல் வருமென்று சோறும் குறைந்தது. "எனக்கு நெசமாவே இருக்குதோம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். பெரியவர்களின் பயம் ஒரு பிள்ளையைத் தன் உடம்பையே சந்தேகிக்க வைத்தது.

பகல் முழுக்கப் பட்டறையில் இருந்தாள். அங்கே யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

பொதுத்தேர்வுப் பட்டியலில் மாணவிகள் கையெழுத்துப் போட அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைதான் கெடு. தவறினால் ஒரு வருடம் போகும். பட்டறைக்கு வந்து ஒரு வருடம் தவறவிட்ட பெண் யாரும் பள்ளிக்குத் திரும்பியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பட்டறைப் பெண்கள் ஐந்து பேர், மூக்கில் துணியோடு, இளமதியை நடுவில் விட்டுத் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார்கள். மூத்தவளான கண்ணம்மாள் துணியை இறக்கி நன்றாக இருமினாள்.

"பதினெட்டு வருசமா இருக்குதுங்க எனக்கு. டிவியிலதான் சொல்லல."

"இங்க நின்னு இருமாதீங்கம்மா."

"வேற எங்கங்க போயி இருமறது? டாக்டரு காய்ச்சலோட வான்றாரு. நீங்க காய்ச்சல் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வான்றீங்க."

வாசலில் நின்ற எழுத்தர் சிரித்துவிட்டார். ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை.

பாஞ்சாலை மகளை முன்னே தள்ளினாள். "நெத்தியத் தொட்டுப் பாருங்க டீச்சர். சுட்டா நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் தொடவில்லை. பட்டியலை மேசையோரம் நகர்த்தி, பேனாவை நுனியில் பிடித்து நீட்டினார். இளமதி தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.

"பேனாவ நீயே வச்சிக்க."

இளமதி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பேனாவை மூடி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்கு நடந்தாள்.