மரப்பறவைகள் பார்த்த திசை

ஊரில் அவருக்குப் பெயர் போர்டுக்காரர். கடைத்தெருவில் பாதிப் பலகைகள் அவர் எழுதியவைதான். அப்பேர்ப்பட்டவர் மரப்பறவைக்கு வண்ணம் பூசத் தீவுக்குக் கிளம்பியதும், "மனுஷனுக்கு எழுதி முடிச்சாச்சு, இப்ப பறவைக்கு விளம்பரம் போடப் போறாரு" என்று சலூனில் சிரித்தார்கள்.

கேலிதான், ஆனால் பொய்யில்லை. ஆலா என்ற கடற்பறவை கூட்டம் சேர்ந்தால்தான் முட்டையிடும். தீவில் எலிகள் பெருகி முட்டைகளைத் தின்று தீர்த்ததில் அவை வருவதையே விட்டுவிட்டன. எலிகளை ஒழித்தாகிவிட்டது. ஆலாக்களுக்கு அது தெரியவேண்டாமா? காலி மணலைப் பார்த்துவிட்டுப் பறந்துபோயின. அதனால்தான் மர ஆலாக்களை மணலில் நட்டு, ஒலிபெருக்கியில் அவற்றின் குரலைப் போடும் ஏற்பாடு. இந்தப் பருவமும் முட்டை இல்லையென்றால் தீவை விடுதி கட்டக் கொடுத்துவிடுவார்கள் என்று வனத்துறை அதிகாரி சொல்லியிருந்தார்.

போர்டுக்காரர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். கறுப்பு உச்சி, மஞ்சள் அலகு, கண்ணுக்குள் ஒரு பொட்டு வெள்ளை. தன் கையாலேயே நட்டார். ஆலாக்கள் வந்தன, தாழப் பறந்து பார்த்தன, போய்விட்டன. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மஞ்சள் தூக்கலோ என்று மறுபடி பூசினார். அதற்கும் அவை மசியவில்லை.

தீவில் போட்டிருந்த முகாமில் சமையல் அவர் மனைவி. துணி காயப்போட வந்தவள் மணல்திட்டைப் பார்த்து நின்றாள்.

"ஏங்க, இதெல்லாம் ஏன் நம்ம அடுப்படியையே பாத்துட்டு நிக்குது? சோறு கேக்குதா?"

"பாக்கறவங்களுக்கு முகம் தெரிய வேணாமா?"

"யாரு பாக்கணும்? காத்து கடல்லேருந்து அடிக்குது. அதுக்கு முதுகு காட்டி நின்னா என் முந்தானையே மூஞ்சில அடிக்குது. எறகு கலைஞ்சு போகாதா? எந்தப் பறவை அப்படி உக்காரும்?"

அவருக்குச் சுருக்கென்றது. பலகை என்றால் தெருவைப் பார்க்கவேண்டும். காலமெல்லாம் பழகிய கை, அப்படியே நட்டுவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிக் கடலைப் பார்க்க நட்டார்.

சில நாளில் ஓர் ஆண் ஆலா மீனோடு இறங்கியது. ஒரு மரப்பறவையைச் சுற்றிச்சுற்றிக் கொஞ்சி, மீனை நீட்டியது. மரம் வாங்குமா? மறுநாளும் மீனோடு வந்து நின்றது. போர்டுக்காரருக்குத் தாங்கவில்லை.

"வாயில்லா ஜீவனை ஏமாத்திட்டேன்டி."

"சும்மா இருங்க. நானும் மொதல்ல மரம் மாதிரிதான் நின்னேன். நீங்க விட்டீங்களா?"

கடைசியில் கீழே விழுந்த மீனைக் கொத்த ஒரு பெண் ஆலா இறங்கியது. இறங்கியது போகவில்லை. அதைப் பார்த்து இன்னும் சில வந்தன. ஒருநாள் காலையில் அந்தப் பெண் ஆலா எழுந்து இறகைக் கோதியபோது, மரப்பறவையின் காலடியில் புள்ளி போட்ட முட்டை கிடந்தது. பைனாகுலரை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் வாய்விட்டு அழுதார்.

சேதி கேட்ட அதிகாரி அடுத்த படகிலேயே கேமராவோடு வந்துவிட்டார். தீவு தப்பியது என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த ஓரத்துப் பொம்மைங்களை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்களேன். படத்துல முகம் விழணும்."

"முடியாது சார். அதுங்க நம்மளைப் பாக்க வரல."

 அதிகாரி மணலில் உட்கார்ந்து, முதுகுகளையே படம் எடுத்துக்கொண்டார்.