துறைமுகச் சுவரில் ஒரு பித்தளை ஆணி

எங்கள் அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் பனிக்கட்டி. உலகத்தின் இரண்டு துருவத்திலும் மலை உச்சிகளிலும் பனி உருகினால் எங்கள் ஊர்க் கடல் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. கோபம் வந்தால் கத்தமாட்டாள், குளிர்ந்துபோவாள். அதற்கும் அந்தப் பெயர் பொருந்தும். நான் கட்டட மேஸ்திரி. எனக்குக் கோபம் வந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"பனி ஏற்கெனவே தண்ணியிலதானே மிதக்குது? உருகினா கடல் எப்படிக்கா ஏறும்?" என்று ஒருநாள் அவள் சமையலறையில் கேட்டேன். மடக்கிவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவள் ஒரு டம்ளரில் பனிக்கட்டியைப் போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். கட்டி கரைந்தது, ஒரு சொட்டுகூட வழியவில்லை. பிறகு வெளியிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்துப் போட்டாள். மேஜை நனைந்தது.

"மிதக்கறது ஒண்ணும் பண்ணாதுடா. தரை மேல உக்காந்திருக்கே, அது கடல்ல இறங்கினாத்தான் வினை. போதாததுக்குத் தண்ணி சூடானா விரியும். ரெண்டையும் கூட்டணும்" என்றாள். மேஜையைத் துடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

போன வருடம் அவள் அலுவலகம் ஒரு வரைபடம் போட்டது. அதில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குள் இருக்கும் வீடுகளில் தரைத்தளத்தில் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, வேண்டுமானால் தூண் எழுப்பி மேலே கட்டிக்கொள்ளலாம். எங்கள் தெரு கோட்டுக்கு வெளியே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் கைக்குழந்தையோடு எங்களிடமே வந்து இருக்கப் போகிறாள். அவளுக்காக வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்ட அன்றைக்கே அஸ்திவாரம் தோண்டினேன். "எங்க அக்கா போட்ட கோடு" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். காபியைக்கூடத் தொடவில்லை.

"கோடு தப்புடா. உன் வீடு உள்ள வருது. ஊர்க் கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

நடந்தது இதுதான். புதுக் கணக்கு எதுவானாலும் பழைய புயல் ஒன்றை அதில் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். நடந்ததையே சரியாகச் சொல்லாத கணக்கு நடக்கப்போவதை எப்படிச் சொல்லும்? கம்ப்யூட்டர், மீன் மார்க்கெட் படியில் தண்ணீர் ஏறாது என்றது. ஆனால் அந்தப் புயலில் மார்க்கெட்டில் கணுக்கால் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. பனிக் கணக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார்களாம் அலுவலகத்தில். அக்கா ஒப்பவில்லை.

"பனிக் கணக்குல தப்பில்ல. தரைக் கணக்குலதான் தப்பு" என்றாள் என்னிடமும்.

ஊரில் எல்லாத் தெருவின் உயரத்தையும் துறைமுகக் கிடங்குச் சுவரில் அடித்த ஒரு பித்தளை ஆணியிலிருந்துதான் அளந்திருந்தார்கள். கிடங்கு நிற்பதோ கடலில் மண் கொட்டி மேடாக்கிய இடம். கிடங்கு மெல்ல அமுங்கியிருக்கிறது, ஆணியும் கூடவே இறங்கியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. ஆணி இறங்கினால், அதை வைத்து அளந்த தெருவெல்லாம் தாளில் உயரமாகத்தான் தெரியும்.

"ஆபீஸ்ல உக்காந்துட்டு என் தரை இறங்கிடுச்சுன்னு சொல்றியா? அது நான் போட்ட தரை, அக்கா!" என்று கத்தினேன். அவள் குளிர்ந்துபோனாள். "சரி, நீயே அளந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விஷயம் பரவி, தெருவே என் வாசலில் கூடியது. "நீங்க மட்டம் பாத்தா ஊரே நம்பும் மேஸ்திரி. கூட்டத்துல எழுந்து ஆபீஸ் அளவு தப்புன்னு சொல்லுங்க" என்றார்கள். சொல்லத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்யாத குறை.

மட்டம் பார்க்கும் டியூபைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் போனேன். கிடங்குக்குப் பக்கத்திலேயே கலங்கரை விளக்கத்தின் பாறையில் இன்னொரு பித்தளை ஆணி உண்டு. பாறை அமுங்காது. இரண்டு ஆணியும் ஒரே உயரம் என்று பழைய தாள் சொல்கிறது. டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதை நிரப்பி, ஒரு முனையில் தண்ணீர் பாறை ஆணிக்கு நேராக நிற்கும்படி பிடிக்கக் கையாளிடம் சொன்னேன். கிடங்குப் பக்கம் போய் மறுமுனையைச் சுவரோடு பிடித்தேன். தண்ணீர் ஆணிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

டியூபில் காற்று நிற்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். அதே சாண். இருபது வருடமாக எத்தனையோ பேர் கட்டிய சுவரை இந்த டியூபை நம்பி இடிக்கச் சொன்னவன் நான். இன்றைக்கு மட்டும் அது பொய் சொல்லும் என்று எந்த வாயால் சொல்வது?

கூட்டத்தில் அக்கா புதுக் கோட்டைத் திரையில் காட்டினாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. "உங்க தம்பி வீடு எந்தப் பக்கம் வருது?" என்று பின்னாலிருந்து ஒருவர் குத்தலாகக் கேட்டார். "உள்ள வருது" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் அளந்ததுகூடத் தெரியாது.

எழுந்தேன். "டியூப் போட்டுப் பாத்தேன். ஆணி ஒரு சாண் இறங்கியிருக்கு. அக்கா சொல்றது சரி" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவர் வீட்டு வாசல் என் வாசலைவிட நாலு விரல் பள்ளம், கடல் வந்தால் முதலில் அவரிடம்தான் பேசும்.

மறுநாள் காலையில் தோண்டிய அஸ்திவாரத்தை நானே மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்தாள்.

"அப்பா, ரூம் எந்த அளவுல இருக்கு?"

"இடத்தை மாத்திட்டேன்மா. தூண் எழுப்பி மேல கட்டறேன். கொஞ்சம் நாளாகும்."

"ஏம்ப்பா, அத்தை கட்டக்கூடாதுன்னுட்டாங்களா?"

"அத்தை சொன்னா. ஆனா அளந்தது நான்" என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.