ஒரு மரக்கால் கம்புக்கு வாங்கிய காடு

அயர்லாந்துக்காரர்களின் கட்டுரைகளை எனக்குப் பழக்கிவிட்டவன் கல்லூரியில் என்னோடு படித்த நண்பன். இப்போது அவன் வரலாற்றுப் பேராசிரியர், நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒருவர் தான் மொழிபெயர்த்ததை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும். நடுவில் வடை வரும்.

அயர்லாந்துப் பத்திரிகையாளர்கள் மீது எங்களுக்கு ஒரு கிறுக்கு. இங்கிலாந்துக்காரனை இரண்டு பத்தி திட்டுவார்கள். மூன்றாவது பத்தியில் தங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடுவார்கள். சொந்தக் கட்சி, சொந்தப் பாதிரியார், பெற்ற அப்பா என்று ஒருவரையும் விடமாட்டார்கள்.

"நம்மாளுக ரெண்டாவது பத்தியோட சோறு திங்கப் போயிருவாக மாப்ள" என்பான் நண்பன். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

சென்ற ஆண்டு என் முறை வந்தபோது ஓர் அயர்லாந்துப் பெண் பத்திரிகையாளரின் கட்டுரையை எடுத்தேன். உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றியது. தங்கள் நாட்டில் எல்லாக் குடும்பமும் அந்தப் பசியைத் தங்கள் பசியாகவே சொல்லிக்கொள்கிறது என்கிறார் அவர். ஆனால் உண்மையில் பட்டினி கிடந்தவர்களில் பலருக்குச் சொல்வதற்கு வாரிசே இல்லை. இன்று கதை சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், வீட்டில் தானியம் மிஞ்சியவர்களின் பிள்ளைகள். பக்கத்துக் குடிசைக்காரனின் நிலம் அவர்களுக்குத்தான் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு வரியையும் இழைத்து இழைத்துத் தமிழாக்கினேன். ஒரு சிற்றிதழ் வெளியிடுவதாகச் சொன்னது. அதற்கு ஒரு முன்னுரை எழுதினேன். மண்வாசனை வேண்டுமே என்று எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் அதில் சேர்த்தேன்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு கரிசல் நிலம் இருக்கிறது. மரக்கால் காடு என்று பெயர். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில் என் பூட்டன் ஒரு மரக்கால் கம்பை அளந்து கொடுத்து அதை வாங்கினாராம். கம்பைத் தலைதட்டி அளந்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டே இன்னொரு கை அள்ளிப் போட்டாராம். எங்கள் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது இந்தக் கதை வராமல் இருக்காது. மாடியில் நான் வாசித்தபோதும் எல்லாரும் ரசித்தார்கள். நண்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் காட்ட வித்தது யாரு மாப்ள?"

"யாரோ. பஞ்சத்துல யாரு வித்தாகன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒங்க பூட்டன் மீசைய முறுக்குனது வரைக்கும் எழுதியிருக்க. வித்தவன் வெறும் யாரோவா? அந்தப் பொம்பள அம்புட்டு தூரம் இதத்தான சொல்லுது? கட்டுரைய நீ படிச்சியா, இல்ல மொழிபெயர்க்க மட்டும் செஞ்சியா?"

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். நிம்மதியாக ஒரு வடை தின்னவிடாமல் சாதியை இழுக்கிறானே என்று நினைத்தேன். அவன் குடும்பம் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம், அதனால்தான் இப்படிப் பேசுகிறான் என்றும் நினைத்தேன். அவன் சாதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது பைக்கில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அப்போது வந்த வெட்கத்தில் வண்டியை ஓரம் கட்டி நின்றேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அயர்லாந்திலிருந்து ஒருத்தி கண்ணாடி பிடித்துக் காட்டியும் நான் கண்ணாடியின் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். மரக்கால் காட்டை விற்றது யார் என்று கேட்டேன்.

"வேற யாரு? நம்ம காட்டுல களையெடுக்க வாராகள்ல, அவுக வகையறாதான்" என்றார் அம்மா. குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

"அது அவுகளுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம இருக்குமா? அவுகளும் மரக்கால் காடுன்னுதான சொல்றாக."

அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாளே சிற்றிதழ் ஆசிரியரைக் கூப்பிட்டு, முன்னுரையிலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடச் சொன்னேன். நீளமாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். எடுத்தபின் மனது லேசாகிவிட்டது, பெரிய நியாயம் ஒன்றைச் செய்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

இதழ் வந்த ஞாயிறன்று நண்பன் மாடிப்படியில் என்னை நிறுத்தினான்.

"மொழிபெயர்ப்பு நல்லா வந்திருக்கு மாப்ள. அந்தக் காட்டுக் கதையத்தான் காணோம்."

"எடுத்துட்டேன். தப்புன்னு பட்டுச்சு."

"வித்தது யாருன்னு கேட்டியா?"

"கேட்டேன். அவுக வகையறா இன்னைக்கும் அந்தக் காட்டுலதான் கூலிக்கு வாராக."

அவன் கையிலிருந்த இதழை ஒருமுறை பார்த்தான்.

"யாரோன்னு இருந்த வரைக்கும் எழுதி வச்சிருந்த. யாருன்னு தெரிஞ்ச பெறகுதான் எடுத்தியா?" என்று கேட்டான்.