ஊருக்கெல்லாம் ஒன்பது பொருத்தம்

நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடை, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. இரண்டாயிரம் பிறந்த சமயம். ப்ளஸ் டூ முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், தட்டச்சும் கொஞ்சம் சி மொழியும் கற்றுக்கொண்டு அங்கே சேர்ந்தேன். நான் வாய் திறக்காத பெண். வருகிறவர்களிடம் பேசக் கடைக்கார அண்ணன் இருந்தார். எனக்குத் திரையும் கீபோர்டும் போதும்.

அண்ணன் ஜோசியர் குடும்பம். முன்பெல்லாம் பஞ்சாங்கத்தை விரித்து, விரல் மடக்கிக் கணக்குப் போட்டவர். அவருடைய மச்சான் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் முன் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெண், பையன் இருவரின் பிறந்த விவரங்களையும் பெண் வீட்டு முகவரியையும் அடித்தால், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் தள்ளும். பெயர், ஊர், பின்கோடு, அதற்குக் கீழே பெரிய கட்டத்தில் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று ஓர் எண். எந்தெந்தப் பொருத்தம் என்ற விவரம் வேண்டுமானால் அண்ணன் வாயால் சொல்வார். யாரும் கேட்டதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்பது வந்தது. ஒன்பது வந்த பிறகு யார் விவரம் கேட்பார்கள்?

"ராசியான கடை" என்று பெயர் வாங்கியிருந்தோம். எப்போதும் ஒன்பதுதானா என்று நான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பொருந்தாததத் தரகரே வீட்டுல வச்சுக் கழிச்சுவிட்டுர்றாருல்ல தாயி. நம்மகிட்ட வாரதெல்லாம் சலிச்சு எடுத்தது" என்றார் அண்ணன். சரியாகத்தான் பட்டது.

அந்த வருடமே எனக்கும் வரன் வந்தது. மாப்பிள்ளை சின்னாளப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில், தலைக்கு மேல் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், காபி ஆறுவதைக்கூடப் பார்க்காமல் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். அவருடைய அம்மா, "டேய், பொண்ணப் பாக்க வந்தியா, ஃபேனப் பாக்க வந்தியா?" என்று கத்தினார்கள். இறங்கும்போது விசிறி சத்தமில்லாமல் ஓடியது. அவர் என்னைப் பார்த்து, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அன்று நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் இந்த இடம் அமைந்துவிட வேண்டுமே என்று அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அடித்துக்கொண்டது.

அவருடைய அம்மா கண்டிப்பானவர்கள். பொருத்தம் பார்க்க எங்கள் கடைக்கே வந்து, நான் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணனிடம் சொன்னார்கள்: "பத்துல ஆறு தேறணும். தேறலைன்னா எங்க வீட்டுல மேக்கொண்டு பேச்சே கெடையாது. மொதல்லயே சொல்லிட்டேன்."

என் பெயரை நானே அடித்தேன். இரண்டு முறை எழுத்து தப்பாக விழுந்தது. சீட்டு வந்தது. ஒன்பது.

"உன் கைராசி உனக்கே பலிச்சிருச்சு பாத்தியா" என்று அண்ணன் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவானது.

அந்த வாரத்தில்தான் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றுடன் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் சிடி இலவசமாக வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் பாதி இடம் சும்மா கிடந்தது. அண்ணனிடம் கேட்டு அதில் ஏற்றினேன். அதில் சி கம்பைலரும் இருந்தது. கம்பைலர் என்பது நாம் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது. எங்களிடம் இருந்த பழைய நீலத்திரைக் கம்பைலர் வாயில்லாப் பூச்சி. இலக்கணம் சரியாக இருந்தால் போதும், என்ன எழுதினாலும் விழுங்கிக்கொள்ளும். புதியதை, எல்லா எச்சரிக்கைகளையும் சொல் என்று கேட்டு ஓட்டலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதை எதில் ஓட்டிப் பார்ப்பது? என்னிடம் இருந்த ஒரே பெரிய புரோகிராம் மச்சானுடையதுதான்.

மதியம் கூட்டம் இல்லாத நேரம். திரையைத் துடைக்கும், வண்ணம் மாற்றும் வரிகளை லினக்ஸ் ஏற்காது என்பதால் அவற்றை எடுத்துவிட்டு ஓட்டினேன். திரை முழுக்க எச்சரிக்கைகள்! மேலே ஓடிக்கொண்டே இருந்தன. எனக்குப் பயம் வரவில்லை. பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்த குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். இந்தப் பெயரை அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தவில்லை, இங்கே திருப்பித் தர வேண்டியதைத் தரவில்லை. இன்னின்ன வரி என்று எண்ணோடு சொல்லியது. இப்படி ஒரு கம்பைலர் உலகத்தில் இருக்கிறதா என்றிருந்தது எனக்கு. குறை சொல்கிறது, கோபப்படவில்லை!

நடுவில் ஒரு வரி. அச்சடிக்கும் கட்டளையில் சாதாரண முழு எண் வரும் என்று குறி போட்டிருக்கிறாய், நீ கொடுத்ததோ நீள எண் என்றது. எந்த வரி என்று தேடினேன். முகவரியும் பொருத்தமும் அச்சாகும் வரி.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கட்டளையில் சதவீதக் குறிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குறியும் டவுன் பஸ்ஸில் ஓர் இருக்கை மாதிரி. கொடுக்கிற எண்கள் வரிசையாக வந்து உட்காரும். பின்கோடு ஆறு இலக்கம். பழைய கம்பைலரில் அது இரண்டு பேர் இடத்தை அடைக்கும் பருமனான ஆள். மச்சான் அதற்கு ஒற்றை இருக்கைக் குறியைப் போட்டிருந்தார். பாதி உடம்பு அதில் உட்கார்ந்தது. மீதிப் பாதி பக்கத்து இருக்கையில் சரிந்தது. பக்கத்து இருக்கை பொருத்தத்துக்கு உரியது. உண்மையான பொருத்தம் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போய்விட்டது.

அப்படியானால் கட்டத்தில் இத்தனை நாளாக வந்த ஒன்பது? பின்கோட்டின் சரிந்த பாதி! ஓர் இருக்கை கொள்கிற அளவான 65,536ஆல் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பின்கோடு எதைப் போட்டாலும் அந்தப் பாதி ஒன்பதுதான். பழைய சீட்டு ஒன்றை எடுத்து முகவரியைப் பார்த்தேன். திண்டுக்கல் என்பதற்குப் பிறகு ஒரு கோடு, அப்புறம் சம்பந்தமே இல்லாத ஐந்து இலக்க எண். அந்தக் கோடு கழித்தல் குறி! ஊருக்கும் பின்கோட்டுக்கும் நடுவில் எல்லோரும் போடுகிற சின்னக் கோடு என்றே இத்தனை பேரும், நானும், பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

"அண்ணே!" என்று கூப்பிட்டேன். நான் சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை. டீயோடு ஓடி வந்தார். பழைய கம்பைலர் பக்கம் போய், ஒரே ஜாதகத்தை வைத்துக்கொண்டு ஊரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். பாலக்காடு, பத்து. பெங்களூர், எட்டு. பம்பாய், ஆறு.

"டெல்லியப் போடு" என்றார்.

ஒன்று.

"அடி ஆத்தி, ஒண்ணே ஒண்ணா! பாவம்டா டெல்லிக்காரன். வேற, வேற... பாட்னாவப் போடு."

பன்னிரண்டு.

"பத்துக்குப் பன்னெண்டா!" அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் அவர் முகம் மாறியது. "ஏந்தாயி, அப்ப உன்னுது?"

அதைத்தான் நான் பார்க்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். லினக்ஸில் இரண்டு வகை எண்ணுக்கும் ஒரே அளவு இருக்கைதான். அதனால் அங்கே ஓட்டினால் தவறான குறி இருந்தும் சரியான விடையே வரும். என் விவரத்தையும் மாப்பிள்ளை விவரத்தையும் அடித்தேன்.

நான்கு.

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வெள்ளிக்கெழம நிச்சயம். ஆறு தேறலைன்னா பேச்சே இல்லைன்னு அந்தம்மா உன் முன்னாலதான சொல்லுச்சு. நீ பேசாம இரு. நடந்த கல்யாணமெல்லாம் நல்லாத்தான இருக்கு? இதுவும் இருந்துட்டுப் போகுது."

பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமான காரியம். பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துவந்தேன். ஆனால் அன்று முடியவில்லை. ஒரு பக்கம், இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்றிருந்தது. மறுபக்கம், கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. எச்சரிக்கை என்று ஒன்று வந்த பிறகு அதைப் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையே மாடியேறி வந்தார். "அம்மா நிச்சயச் சேல எடுக்கப் போறாக. என்ன கலர் வேணும்னு கேட்டுட்டு வரச் சொன்னாக" என்று வாசலிலேயே நின்றார்.

கலர் கேட்டவருக்கு நான் பின்கோடு சொன்னேன். இருக்கை, பருமனான ஆள், சரிந்த பாதி, கழித்தல் குறி, டெல்லி, பாட்னா, எல்லாம் ஒரே மூச்சில். நடுவில் எழுந்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எச்சரிக்கை வரியைத் திரையில் தொட்டுக் காட்டினேன். கடைசியில்தான், "நமக்கு நாலுதான். ஆறு இல்ல" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இம்புட்டுப் பேசுவீகளா நீங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"சத்தமில்லாம ஒளிஞ்சிருக்கிற தப்பயெல்லாம் அந்த மெஷின் தானாவே சொல்லிருமா? காயில்ல ஷார்ட் இருந்தா எனக்கு இந்த மாதிரி ஒருத்தன் முன்னாலயே சொன்னான்னா, எத்தன மோட்டாரு எரியாமத் தப்பிக்கும்!" என்று திரையிலேயே கண்ணாக இருந்தார். பிறகு எழுந்து, "அம்மாவக் கூட்டிட்டு வாரேன். இதே மாதிரி அவுகளுக்கும் சொல்லணும் நீங்க" என்று படியிறங்கிவிட்டார். கலர் கேட்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் அவருடைய அம்மா வந்துவிட்டார்கள். அவர்களிடம் மூச்சுவிடாமல் பேச வரவில்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன். பருமனான ஆள் பக்கத்து இருக்கையில் சரிவதைச் சொன்னபோது மட்டும், "ஆமா, காலைல நம்ம பஸ்ஸுல நடக்குறதுதான" என்றார்கள். நான்கு என்று சொல்லி முடித்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"எந்த நாலு?" என்றார்கள் அண்ணனிடம். "மெஷின் வேணாம். உங்க கையால பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் அலமாரி மேலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துத் தூசி தட்டினார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. விரல் மடக்கினார். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலேதான். தினம், கணம், யோனி..." அண்ணன் நிமிர்ந்தார். "ரஜ்ஜு இருக்குங்கம்மா."

தாலி பாக்கியத்துக்கு ரஜ்ஜுதான் பிரதானம் என்பார்கள். மற்றது எல்லாம் இருந்தும் ரஜ்ஜு இல்லையென்று கலைந்த சம்பந்தங்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ என்னடா சொல்ற?"

"ஒம்பதுன்னப்பவும் சரிதான், நாலுன்னப்பவும் சரிதான்."

"இவன் ஒருத்தன்." என் பக்கம் திரும்பினார்கள். "ஏத்தா, ஒளிக்காமச் சொன்னவ நீ. வெள்ளிக்கெழம இருக்கட்டுமா, வேணாமா? உன்னைய யாரும் கேக்கலைல்ல. இப்பக் கேக்குறேன்."

உண்மையில் அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

"இருக்கட்டும்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன்போலிருக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.