இடக்கைக்கு ஒரு விசைப்பலகை

வலது கை நசுங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. இடது கையால் தட்டச்சுப் பழகுங்கள் என்று ஒருவர் சொன்னபோதுதான் வந்தது.

சொன்னவர், வேலையில் அடிபட்டவர்களை மறுபடி வேலைக்குத் தயார்படுத்தும் ஆலோசகர். நல்ல பெண்தான். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எரிச்சல். மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சரக்குக் கிடங்கில் நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன். ஒருநாள் கொன்டெய்னரின் இரும்புக் கதவுக்கும் சரக்கு அடுக்கிய பலகைக்கும் நடுவில் கை அகப்பட்டுப் போனது. வெட்டித் தைத்தார்கள், மறுபடி வெட்டித் தைத்தார்கள். கை இருந்தது. பெருவிரலும் பக்கத்து விரல்களும் மடங்க மறுத்தன. சோறு பிசைய முடியாது, சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது.

அவர் சொன்னது இதுதான். அதே கம்பனியில் ட்ரக்குகளை அனுப்பும் ‘டிஸ்பாச்’ மேசையில் பகல் வேலை ஒன்று காலியாகிறது. டிரைவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கொன்டெய்னர் இலக்கத்தையும் போகுமிடத்தையும் கணினியில் அடிக்க வேண்டும். ஒரு பிற்பகல் இருத்திப் பார்ப்பார்கள். தேறினால் வேலை. தேறாவிட்டால், கார் தரிப்பிடத்தில் கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கொடுக்கத் தகுந்தவர் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

கூண்டா? எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு ஆள் தூக்குகிற பெட்டியைத் தனியே தூக்கியவன். என்னைப் பிடித்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சீட்டுக் கிழிக்கச் சொல்லப் போகிறார்களாம்.

“ஒரு கையாலை எப்படி அடிக்கிறது?” என்று கேட்டேன். இடது கைக்கென்றே ஓர் எழுத்தமைப்பு கணினிக்குள் இருக்கிறது, யாரும் தேடிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் என்றார். அதன் படத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் தந்தார்.

இடது கை. அதை எதற்குப் பாவிக்கிறோம் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கையால் நான் யாருக்கும் ஒரு வெற்றிலை கொடுத்ததில்லை, யாரிடமும் ஒரு தேநீர் வாங்கியதில்லை. கை போனபின் கரண்டியை அதில் பிடித்துச் சாப்பிடவே எனக்குப் பல நாள் கூச்சமாக இருந்தது. இனி அதுதான் சோறு போட வேண்டுமாம்.

செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. யாரோ வேண்டாமென்று தந்த பழைய கணினி குசினி மேசையின் ஓரத்தில் இருந்தது. தாளைத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தொடங்கினேன். அமைப்பு கெட்டித்தனமானதுதான். அதிகம் வரும் எழுத்துகளெல்லாம் பலகையின் நடுவில், இடது கை விரல்களுக்குக் கீழேயே வந்து நிற்கின்றன. ஆனால் விசைகளின் மேல் அச்சடித்திருப்பதோ பழைய எழுத்து. G என்று இருக்கும் விசையை அமர்த்தினால் திரையில் T விழும். J-ஐ அமர்த்தினால் E. கீழே பார்த்தால் தொலைந்தோம். கண் ஒன்றைச் சொல்லும், விரல் இன்னொன்றைச் செய்யும், மண்டை காய்ந்துவிடும்.

மனைவி காலையில் தையல் ஆலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் வருவாள். வந்து மேலங்கியைக் கழற்றும்போதே என் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள்.

“இஞ்சாருங்கோ, கீழ பாக்கிறியள்.”

“பாக்கேல்லை.”

“பொய் சொல்லாதேங்கோ. எனக்குக் கண் இல்லையோ?”

தேங்காய்ப்பால் பிழிகிற துணியைக் கொண்டுவந்து என் கையோடு சேர்த்துப் பலகையை மூடிவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய், வெங்காயம் வெட்டிக்கொண்டே டிரைவராக மாறினாள்.

“ஹலோ டிஸ்பாச்! எவ்வளவு நேரமா நிக்கிறன்! கெதியா அடியுமன் ஐசே! T, தோசை. K, கத்தரிக்காய். L, லட்டு. U, உளுந்து. ஏழு, ரெண்டு, ஒம்பது...”

என்னை ‘அடியும்’ என்று ‘நீர்’ போட்டுக் கூப்பிட அவளுக்கு அது நல்ல சாட்டு. எழுத்துக்கு ஒரு சாப்பாட்டுச் சாமானைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இருந்தது. இந்த ஊர் டிரைவர்கள் பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. பிரெஞ்சில் G-இன் பெயர் ஆங்கில J மாதிரியே கேட்கும், J-இன் பெயர் G மாதிரி. சொல்லோடு சேர்த்துக் கேட்டுப் பழகினால்தான் குழம்பாது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

“கோதாரி, கொஞ்சம் மெல்லச் சொல்லுமன்!”

“டிரைவர் மெல்லச் சொல்லுவானோ? அவன் என்ன உங்கட மாமனோ?”

ஒருநாள் எனக்கு விசர் பிடித்துவிட்டது. துணியைப் பிடுங்கி எறிந்தேன். பலகையைக் கம்பியோடு இழுத்து சோபாவில் விட்டெறிந்தேன். “உந்த விளையாட்டு எனக்கு வேண்டாம், நான் கூண்டுக்கே போறன்” என்று கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டில் தட்டினார். அவள் பலகையை எடுத்து வந்து, மேசைக்குக் கீழே குனிந்து கம்பியை மறுபடி செருகினாள்.

“கை நோகுதோ, ரோசம் நோகுதோ?” என்று கேட்டாள்.

“ரெண்டும்தான்.”

“கைக்கு மருந்து கிடக்கு. ரோசத்துக்கு இல்லை. இருங்கோ. T, தோசை.”

இருந்தேன். வேறு என்ன செய்வது? அவளும் பகல் முழுக்கத் தைத்துவிட்டு வந்தவள்தானே. விரல் நுனிகளில் ஊசிக் குத்து இருந்தது, நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போகிற வழி முழுக்க என் இடது கை தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த பெண் எழும்பிப் போய் வேறு இருக்கையில் இருந்தாள்.

அலுவலகப் பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கியூபெக் பெண்மணி. குட்டை முடி, வெட்டென்ற பேச்சு. ஆங்கிலத்தைத் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பார். என் எழுத்தமைப்பை அந்தக் கணினியில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தார். Alt, Shift இரண்டையும் சேர்த்து அமர்த்தினால் என்னுடையது, மறுபடி அமர்த்தினால் பிரெஞ்சு.

“மாலையில் இதே கணினியில் இன்னொருவர் வேலை செய்கிறார். முடிந்ததும் பிரெஞ்சுக்கு மாற்றிவிடு. அதை மட்டும் மறக்காதே” என்றார்.

தலையாட்டினேன். வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையைப் பலகையின் நடுவில் வைத்தேன். காதில் தொலைபேசிக் கருவியை மாட்டிவிட்டார்கள். முதல் டிரைவர் படபடவென்று கொட்டினான். முதுகில் வியர்வை இறங்கியது. அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். “T, தோசை” என்று சொல்லிவிட்டேன்.

“கொமோ?” என்றான் அவன். என்ன சொன்னாய் என்று அர்த்தம்.

பொறுப்பாளர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் திரையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. கீழே பார்க்கக் கூடாது, பக்கத்திலும் பார்க்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது, பிறகு எண்ணிக்கை மறந்துபோனது. ஒருவன் கத்தினான், ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னான், ஒருவனுக்குப் பின்னால் வானொலி அலறியது. விரல்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில், ஐயோ, நான் அடிக்கிறேன், உண்மையாகவே அடிக்கிறேன் என்று நினைத்தேன். நினைத்ததும் விரல் தடுக்கியது. நினைப்பதை விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பு கதவு திறந்தது. மாலை வேலைக்காரர் வந்தார். நரைத்த மீசை, பெரிய உடம்பு, என் அப்பாவின் வயது இருக்கும். நான் கிடங்கில் நின்ற காலத்தில் அவருடைய குரல் ஒலிபெருக்கியில் கேட்டாலே நாங்கள் ஓடுவோம்.

நான் எழும்பிவிட்டேன். யோசித்து எழும்பவில்லை. வாத்தியார் வகுப்புக்குள் வந்தால், பெரியவர் வீட்டுக்குள் வந்தால், எழும்பாமல் இருக்கிறவனை எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முழங்கால் தன்பாட்டில் நிமிர்ந்துவிடும். “பொன்ஜூர் மிஸியே” என்று வணக்கம் சொல்லி, கதிரையை அவர் பக்கம் திருப்பியும் கொடுத்தேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதில் இருந்தார். பொறுப்பாளர் அடுத்த மேசையில் தொலைபேசியில் இருந்தார். நான் சுவரோரம் போய் நின்று, மேலங்கிக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. ஒரு ட்ரக், குளிரூட்டிய கொன்டெய்னரோடு துறைமுக வாசலில் நிற்கிறது. முன்பதிவை உறுதி செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வாசல் மூடப் போகிறது, பிறகு திங்கட்கிழமைதான். மீசைக்காரர் துறைமுகத்தின் பதிவுத் தளத்தைத் திறந்து தன் கடவுச்சொல்லை அடித்தார். ஏற்கவில்லை. உறுமினார். மறுபடி அடித்தார். ஏற்கவில்லை.

கடவுச்சொல் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் விழும். என்ன எழுத்து விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. திரையின் மூலையில் FR என்று இருக்க வேண்டிய இடத்தில் EN என்று இருந்தது. என்னுடைய அமைப்பு. மாற்றாமல் எழும்பிவிட்டேன்.

மூன்றாவது தடவையும் பிழைத்தால் தளம் பூட்டிக்கொள்ளும் என்று திரையில் சிவப்பில் எழுத்து வந்தது.

“மிஸியே...” என்றேன். “மிஸியே, க்ளாவியே...” விசைப்பலகையைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் திரும்பாமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். பொறு, வாயை மூடு என்கிற கை. நானும் மூடிவிட்டேன். வீட்டில் கீழ்வீட்டுக்காரர் முகட்டில் தட்டுகிற அளவுக்குக் கத்துகிற வாய், அங்கே ஒட்டிப்போய்விட்டது. அவர் இந்தத் தடவை ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். அவ்வளவு கவனமாக, அவ்வளவும் பிழையாக. தொலைபேசியில் டிரைவர் கத்துவது எனக்குக் கேட்டது. கடைசி எழுத்தும் விழுந்தது. அவருடைய விரல் Enter-ஐ நோக்கிப் போனது.

“பொறுங்கோ!” என்று தமிழில் கத்தினேன். பாய்ந்து போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இடது கையால். வயதில் மூத்த மனிதரை, முகத்துக்கு நேரே கையை நீட்டி, அந்தக் கையால்.

பொறுப்பாளர் தொலைபேசியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நான் மீசைக்காரருடைய கையை விட்டேன், அடித்ததை அழித்தேன், Alt, Shift இரண்டையும் அமர்த்தினேன். மூலையில் FR வந்தது. “இப்ப அடியுங்கோ” என்றேன், அதுவும் தமிழில். அவருக்கு எப்படியோ விளங்கியது. அடித்தார். தளம் திறந்தது. ட்ரக் உள்ளே போனது. அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, தேவாலயச் சாமான் ஒன்றின் பெயரைச் சொல்லித் திட்டினார். இந்த ஊரில் அப்படித்தான் திட்டுவார்கள்.

“வா” என்றார் பொறுப்பாளர்.

உள்ளறையில் அவருக்கு எதிரே இருந்தேன். கூண்டு என் கண் முன்னால் வந்து நின்றது.

“மாற்ற மறந்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் வேலை முடியும் முன்னமே ஏன் எழும்பினாய்?”

“அவர் வந்தார்.”

“வந்தால்?”

“என்னைவிட வயதில் பெரியவர்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. போகிறது போகட்டும், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாய் திறந்துகொண்டது. “பிற்பகல் முழுக்க ஒற்றைக் கையால் அடித்திருக்கிறேன். கீழே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. போய்ப் பாருங்கள். பிழை இருந்தால் காட்டுங்கள். அதற்குப் பிறகு கூண்டுக்கு அனுப்புங்கள்!” குரல் உடைந்துபோனது. வெட்கமாக இருந்தது.

“பார்த்தேன்” என்றார் அவர். “நீ அடிக்க அடிக்க என் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓரிடத்தில் தெருப் பெயர் பிழை. அது பரவாயில்லை, எல்லோரும் விடுகிறார்கள்.” கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “திங்கட்கிழமை காலை ஏழு மணி. நாலு மணிவரை அந்தக் கதிரை உன்னுடையது. அந்த மீசைக்காரர் வரட்டும், முதலாளி வரட்டும், பாப்பரசரே வரட்டும். பலகையை மாற்றாமல் நீ எழும்பக் கூடாது. விளங்கியதா?”

விளங்கியது. நன்றி சொல்வதற்காக எழும்பி நின்றேன்.

“அஸீ!” என்று மேசையில் ஓங்கி அடித்தார். கதிரையில் இரு என்று அர்த்தம்.

இருந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.