மாதா கொடியைவிட ஒரு முழம் உயரம்

ஆகஸ்ட் பதினான்கு, மாலை நான்கு மணிக்கு ஆவடியில் திருத்தணி மின்சார ரயில் ஏறினேன். மறுநாள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் என் அக்கா ஊர் மாதா கோயில் திருவிழா. மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும் ஒரே நாளில் வருவதால் எங்களுக்கு அன்று இரட்டைச் சந்தோஷம்.

எதிரில் சேலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"சுதந்திர தினத்துக்கு உங்க கோயில்ல நம்ம கொடிலாம் ஏத்துவாங்களா?"

"ஆங்" என்றேன். என் மகன் ராணுவத்தில், லடாக்கில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். புது மனிதர்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருத்தணி வரை அந்தக் கேள்வி உறுத்தியது. அங்கிருந்து முப்பது ரூபாய் டிக்கெட்டில் பேருந்து.

மறுநாள் காலை ஏழு மணிப் பூசை முடிந்து வெளியே வந்தோம். சின்னக் கோயில், கொடிமரமும் குட்டை. உச்சியில் மாதா கொடி. அதே மரத்தில் அதற்குக் கீழே தேசியக் கொடியை ஏற்ற, சாமியாருக்கு உதவியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் என் அக்கா கணவர். நான் பாவா என்று கூப்பிடுவேன்.

நம் கொடிக்கு மேலே வேறு கொடி பறக்கக் கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறான். கூட்டத்தில் வாய் திறந்தால் பாவாவுக்கு அவமானம். திறக்காவிட்டால் மகன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"பாவா, கீழ கட்டக் கூடாது."

"ஆவடில இருந்து வந்து சட்டம் பேசறான் பாரு! தேர் சுத்தி முடியாம மாதா கொடிய எறக்க முடியுமாடா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அத எறக்க வேணாம். இதுக்கு வேற கம்பம் நடலாம், அதவிட ஒசரமா. என் புள்ள அந்தக் கொடிக்காகத்தான் பனியில நின்னுகினு இருக்கான்."

சிரிப்பு நின்றது. பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். "கம்பத்துக்கு இப்ப எங்க போறது?"

சாலையோரம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்களுக்காகப் போட்ட மோர்ப் பந்தல் இன்னும் பிரிக்காமல் நின்றது. பந்தல் போட்ட தறிக்காரர் முனிரத்தினமும் திருவிழா பார்க்க வந்திருந்தார்; ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

"முருகனுக்கு வேலை முடிஞ்சிப்போச்சி. நல்ல மூங்கிலா பாத்து உருவிக்கினு வாங்க. கோணலா மட்டும் நட்டுடாதீங்க, எம்மேல பழி வரும்."

பாவா தானே குழி தோண்டினார். நுனியில் கயிறு மாட்டிய மூங்கில், மாதா கொடியைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. கயிற்றை என் கையில் திணித்தார்.

"நீயே ஏத்துடா. புள்ளையப் பெத்தவன் நீதானே?"

ஏற்றினேன். கோயில் மணி அடித்தது. தேசிய கீதம் பாடும்போது நைனா என் பக்கத்தில் விறைப்பாக நின்றார். இரண்டு கொடிகளும் ஒரே காற்றில் படபடத்தன.

எங்கள் ஆவடி கோயிலிலும் வருஷா வருஷம் கொடி ஏற்றுவார்கள். நான் கடைசியில், செருப்புகள் கிடக்கிற இடத்தில் நின்றுவிட்டு வருவேன்.

திரும்பும் ரயிலில் எதிரே ஒரு குடும்பம். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"என் பையன் ராணுவத்துல இருக்கான்ங்க. இன்னிக்கு எங்க மாதா கோயில்ல நாந்தான் நம்ம கொடிய ஏத்தனேன்."